சாப்பாடும் மனசும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பற்றியே பேசு என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். எதிரே பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. நான் பேசப் போகும் விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படித்து, பாய்லர், பம்ப், டர்பைன் என்று காலம் தள்ளுகிறவன். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது ஆர்வத்தால் அல்ல, பயத்தால். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஆலையில் ஷிப்ட் இன்ஜினீயராக இருந்தேன். பராமரிப்பு வேலை எது நடந்தாலும் முதலில் பர்மிட் எழுத வேண்டும். எந்த இயந்திரத்தில் வேலையோ, அதன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டின பிறகுதான் ஃபிட்டர் கை வைக்கலாம். அன்றைக்கு 'ஏ' பம்ப்பில் வேலை. நான் பர்மிட்டில் 'பி' பம்ப் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். 'பி'க்குப் பூட்டு விழுந்தது. 'ஏ' எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக நிற்கிறது.

இருபத்தைந்து வருஷ அனுபவமுள்ள ஃபிட்டர் அவர். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, மெதுவாக, யார் காதிலும் விழாதபடி சொன்னார்: "சார், வேலை ஏ-யில. பூட்டு பி-யில தொங்குது. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக் கொடுக்கணும் சார். கை வேணும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அது முதல் தப்பு இல்லை. ஆறேழு மாதமாகவே ஏதோ சரியில்லை. நேற்றுப் பேசினது இன்று மறந்துபோகும். லாக் புக்கில் ஒரே வரியை மூன்று தரம் படிப்பேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல், இல்லாவிட்டால் எதிலும் பிடிப்பில்லாத ஒரு சோர்வு. "ஏங்க, நீங்க முன்ன மாதிரி இல்ல" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் "ஷிப்ட் வேலைன்னா அப்படித்தான்" என்று வாயை அடைத்துவிடுவேன். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சேஃப்டி ஷூதான் காரணம் என்று புது ஷூ வாங்கினேன்!

மனைவி பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். என் சோர்வைக் கேட்ட அந்த வயதான டாக்டர், மனசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மூன்றே கேள்வி. "சைவமா? பால், தயிர் சேர்த்துக்கறீங்களா? வேற ஏதாவது மாத்திரை தினமும் போடறீங்களா?"

சைவம். சளி பிடிக்கிறது என்று தயிரை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பாலையும் விட்டுக் கறுப்புக் காபிக்கு மாறியிருந்தேன். நெஞ்செரிச்சலுக்காக அமிலம் குறைக்கும் மாத்திரை, நான்கு வருஷமாக, யாரையும் கேட்காமல், மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் ஒன்று.

ரத்தப் பரிசோதனையில் பி-12 என்ற விட்டமின், இருக்க வேண்டிய அளவில் பாதிதான் இருந்தது.

இந்த பி-12 ஒரு விசித்திரமான பொருள். செடி கொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராம் சொச்சம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் இரண்டு பங்கு. அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், நம் டூல் பிட்டுகளில் வருமே, அதே கோபால்ட்தான். இதன் அமைப்பை எக்ஸ்-கதிரால் கண்டுபிடித்தவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற அம்மையார், 1956-இல். 1964-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பின் மேல், கம்பி மேல் இருக்கும் இன்சுலேஷன் மாதிரி, ஓர் உறை உண்டு. அது சரியாக இருக்க பி-12 தேவை. உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி-12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். நானோ ஒரு பக்கம் வரவை நிறுத்திவிட்டேன், மறு பக்கம் அமிலத்தையும் அடைத்துவிட்டேன். கல்லீரல் சில வருஷத்துக்கு வேண்டியதைச் சேமித்து வைத்திருக்கும். அந்த இருப்புத் தீர்கிற வரை எதுவும் தெரியாது. தீர்ந்த பிறகு மறதி, எரிச்சல், மனச்சோர்வு, கால் மரத்தல். கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகவும் ஆகலாம்.

ஊசி போட்டார்கள். மாத்திரையை டாக்டர் பார்த்து நிறுத்தினார். தயிர் திரும்பி வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் மனசு தெளிந்தது. பாதத்து எறும்பு மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

தட்டில் இல்லாத ஒரு துளி, தலைக்குள் இவ்வளவு செய்யுமா? இந்தக் கேள்வியோடு படிக்கப் போனேன். படித்ததில் இரண்டு கதைகளை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் கதை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெலாக்ரா என்ற நோய் பரவியது. வெயில் படும் தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் சித்தம் கலங்கும், பிறகு மரணம். சித்தம் கலங்கியவர்களை மனநோய் விடுதிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1914-இல் அரசு ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை ஆராய அனுப்பியது. அவர் மைக்ராஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனித்தார். விடுதிகளில் நோயாளிகளுக்கு வருகிறது, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோய்க்கு ஊழியர் யார், நோயாளி யார் என்று தெரியுமா? வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. விடுதியில் இருந்தவர்களுக்கு மக்காச்சோளமும், வெல்லப்பாகும், கொழுப்பும்தான் பெரும்பாலும் சாப்பாடு.

அநாதை இல்லங்களில் பால், முட்டை, பயறு, இறைச்சி சேர்க்கச் செய்தார். நோய் மறைந்தது. 1915-இல், மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லிக் கைதிகளுக்கு மக்காச்சோளச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். பதினொரு பேரில் ஆறு பேருக்கு நோய் வந்தது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். அப்படியும் நம்பாதவர்களுக்காக, 1916-இல் அவரும் அவர் நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார்கள். யாருக்கும் நோய் வரவில்லை. 1929-இல் கோல்ட்பெர்கர் காலமானார். குறையாக இருந்த பொருள் நயாசின் என்று 1937-இல்தான் தெரிந்தது. நயாசின் கொடுத்ததும் விடுதியில் கிடந்த பலர் தெளிந்து வீட்டுக்குப் போனார்கள். யோசித்துப் பாருங்கள். பைத்தியம் என்று எழுதிப் பூட்டிவைத்த மனிதர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கிண்ணம் பயறும் ஒரு டம்ளர் பாலும்.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. குன்னூரில் 1918-இல் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய கூடம், வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். மக்காச்சோளம் அல்ல, நம் ஊர்ச் சோளத்தையே பிரதானமாகச் சாப்பிடும் தக்காணத்து ஏழை மக்களிடமும் பெலாக்ரா இருப்பதை, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகா ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960-இல் எழுதினார்கள்.

இரண்டாவது கதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம். ஐரோப்பாவில் பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944-45-இல் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தரவில்லை என்ற 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் திடகாத்திரமானவர்கள். 24 வாரம், வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடம்பு எடையில் கால்வாசி போயிற்று.

எடை குறைந்தது ஆச்சரியமில்லை. மனசுக்கு என்ன ஆனது என்பதுதான் செய்தி. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். படிப்பு, அரசியல், காதல், எதிலும் நாட்டமில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து நாவல் மாதிரி படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கவனமே நிற்கவில்லை என்று புலம்பினார்கள். ஆனால் அறிவுத்திறன் பரிசோதனை வைத்தால் மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை! அறிவு அப்படியே இருக்கிறது, அதைச் செலுத்துகிற மனசுதான் படுத்துவிட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த 'பி' பம்ப் ஞாபகம் வந்தது.

நம் தமிழ்நாட்டில் இதைப் புத்தகம் படிக்காமலே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டு வந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. கட்சி எதுவானாலும், ஒவ்வொருவரும் ஒரு கரண்டி சேர்த்துத்தான் போயிருக்கிறார்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. மூளையில் டோபமைன் என்ற பொருள் தயாராக இரும்பு வேண்டும். ஊக்கம், கவனம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. நம் வகுப்பில் எப்போதும் களைத்துப்போய், கடைசி பெஞ்சில் தலை சாய்த்திருந்த பெண்களைச் சோம்பேறி என்று கேலி செய்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்கு ரத்தம் குறைவாக இருந்ததோ? இன்றைக்கு இந்த மேடையில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையிலோ பயற்றிலோ எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். செலவில்லாத வைத்தியம்.

காபி பிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். சாயந்திரம் ஆறு மணிக்குக் குடித்தது ராத்திரி பதினொன்றுக்கும் உள்ளே பாதி வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் மனசு கெடும். மொட்டை மாடியில் இன்றைக்கு ராத்திரி ஏற்பாடு செய்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: குடி, தயமின் என்ற விட்டமினை உடம்பில் தங்கவிடாது. அது தீர்ந்துபோன குடிகாரர்களுக்கு ஞாபகமே அழிந்துபோகிறது. (நீங்கள் கை தட்டுவீர்கள் என்று நினைத்தேன், யாரையும் காணோம்.)

எல்லாவற்றையும் சாப்பாட்டின் தலையில் கட்டவும் கூடாது. சர்க்கரை தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வோம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி இல்லை என்று 1995-இலேயே எழுதிவிட்டார்கள். 1994-இல் வெளியான ஒரு சோதனை இன்னும் வேடிக்கை. பிள்ளைக்குச் சர்க்கரையே கொடுக்காமல், கொடுத்ததாக அம்மாவிடம் மட்டும் சொன்னார்கள். "இவன் இன்னிக்கு ரொம்பத் துள்ளறான்" என்று அந்த அம்மாக்கள் மதிப்புப் போட்டார்கள்! பல் கெடும், எடை கூடும் என்று சர்க்கரையைக் குறைப்பது வேறு விஷயம்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான பகுதி. எனக்குத் தெளிந்த பிறகு நான் ஒரு மதம் மாறியவன் மாதிரி ஆகிவிட்டேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம். நம் பேட்ச் நண்பன் ஒருவன், அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். போனில் அவனிடம் சொன்னேன்: "மாத்திரையெல்லாம் எதுக்குடா? எனக்கும் இப்படித்தான் இருந்தது. சாப்பாட்டைச் சரி பண்ணு, ஒரு பி-12 ஊசி போடு, சரியாப் போயிடும்." அவன் என்னை நம்பினான். ஹாஸ்டலில் நான்கு வருஷம் ஒரே அறை, நம்பாமல் இருப்பானா? டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நடு ராத்திரி அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணா, நீங்க சொன்னீங்கன்னுதான் நிறுத்தினார். இப்ப கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத் திறக்க மாட்டேங்கறார்." நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். பக்கத்து வீட்டார் கதவைத் திறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுபடி மாத்திரை தொடங்கி, மெதுவாக மீண்டான். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவனுடைய பி-12 சரியாகவே இருந்தது.

நாம் இன்ஜினீயர்கள். ஒரு பம்ப் அதிர்ந்தால் காரணம் பேரிங்காக இருக்கலாம், அலைன்மென்டாக இருக்கலாம், உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாமலும் இருக்கலாம். போன தடவை பேரிங் என்பதற்காக இந்தத் தடவையும் அளந்து பார்க்காமல் பேரிங்கை மாற்றுகிறவனை நாம் என்ன சொல்வோம்? என் நண்பன் விஷயத்தில் நான் செய்தது அதுதான். 'பி' பம்ப்பில் பூட்டுப் போட்டபோது எனக்குப் பி-12 குறை என்ற சாக்காவது இருந்தது. இதற்குச் சாக்கு இல்லை.

பிறகு தேடிப் படித்ததில் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனை கிடைத்தது. 2017-இல் வெளியானது. மனச்சோர்வு உள்ள 67 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் காய்கறி, பழம், பயறு, முழு தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவு ஆலோசனை. மறு பாதிக்கு அதே நேரம் ஆறுதலாகப் பேச்சுத் துணை. உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டார்கள், மற்றவர்களில் 8 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் சின்னச் சோதனை, யாருக்கு எது கிடைக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். முக்கியமாக, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சிகிச்சையோடு சாப்பாடு, சிகிச்சைக்குப் பதில் சாப்பாடு அல்ல. இந்த ஒரு 'ஓடு'தான் அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது.

ஆகவே நண்பர்களே, மனசு சரியில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ரத்தமும் சோதிக்கச் சொல்லுங்கள். ஓடும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், யார் சொன்னாலும், நானே சொன்னாலும். நடு ராத்திரியில் பேச ஆள் இல்லை என்றால் மத்திய அரசின் 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டுவது என்று நிதி சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வளைவு அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா? காலையில் மெஸ்ஸை எட்டு மணிக்கே மூடிவிடுவதால் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகிறார்கள். நாமும் அப்படித்தான் போனோம். ஒன்பது மணி வரை இட்லியும், சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலும், சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டை, மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் பால், புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. வளைவைப் பார்க்க விருந்தாளிகள் வருவார்கள். சுண்டல் சாப்பிட நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் பேசி முடித்ததும் மேடைக்கு வந்து நன்றியுரை சொல்லப் போகிறவன், நான் சொன்ன அதே நண்பன்தான். அவனே தன்னைக் காட்டிக்கொள்ளச் சொன்னான். என்னை மன்னித்துவிட்டான். "உன் பேச்சை மட்டும் இனிமே கேட்க மாட்டேன்டா" என்றும் சொல்லியிருக்கிறான்.